எந்தச் சாமிக்கும் வேண்டாத பூ

சேலையூருக்குக் குடிவந்து ஏழு மாதமாகியும் தபீதாள் டீச்சர் தன் வீட்டுச் செம்பருத்தி மலர்ந்து பார்த்ததில்லை. சாயங்காலம் மொட்டு இருக்கும். காலையில் காம்பு இருக்கும். ஐந்தரை மணிக்கு எதிர்வீட்டுக் கங்கையம்மாள் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவார். காம்பவுண்டைத் தாண்டி நீளும் கிளையெல்லாம் பொதுச்சொத்து என்பது அவர் கொள்கை. சாமிக்குப் பறிப்பவரிடம் சண்டைக்குப் போனால் தெருவே திரண்டுவிடும்.

"ஒரே ஒரு பூ செடியிலேயே வாடி நான் பாக்கணும்டா," என்றார் டீச்சர், மகன் ஜோஸ்வினிடம். "இல்லன்னா உங்கப்பா சொன்ன மாதிரி செடியெல்லாம் எடுத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம்."

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஜோஸ்வின் இதை ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டான். எந்தச் சாமியும் தொடாத பூ எது?

வண்டலூர் போகிற வழியிலுள்ள நர்சரியில் கடைக்காரர் கதிரேசன் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிக் காட்டினார். "நந்தியாவட்டை. சிவனுக்கு விசேஷம். இது அரளி, அம்மனுக்கு."

"சாமிக்கு ஆகாததா ஒண்ணு வேணும்ண்ணா."

கதிரேசன் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா வியாபாரம் பண்றேன் தம்பி. இப்படி யாரும் கேட்டதில்ல."

விவரம் தெரிந்தவரிடம் கேட்பதுதான் முறை. மறுநாள் விடியற்காலை, கை கிளையில் இருக்கும்போதே கங்கையம்மாளைப் பிடித்தான்.

"ஆண்ட்டி, எருக்கம்பூ?"

"புள்ளையாருக்கு."

"ஊமத்தை?"

"சிவனுக்கு. உங்க வூட்ல அந்தச் செடி கீதா?"

"இட்லிப்பூ?"

"அம்மனுக்கு மாலையே கட்டலாம்."

"அப்போ எந்தச் சாமியும் கேக்காத பூன்னு ஒண்ணுகூடவா இல்ல?"

கங்கையம்மாள் பறிப்பதை நிறுத்தினார். அவருக்கே இந்தச் சந்தேகம் இதுவரை வந்ததில்லை போலும்.

"காயிதப்பூ," என்றார் கடைசியில். "வாசனையும் இல்ல, முள்ளு வேற. எந்தச் சாமிக்கும் வெச்சி நான் பாத்ததில்ல. அத்த இன்னாத்துக்குக் கேக்குற?"

"காலேஜ் ப்ராஜெக்ட் ஆண்ட்டி."

அன்று மாலையே காகிதப்பூச் செடி வீட்டுக்கு வந்தது. மாசி வெயிலில் அது காம்பவுண்டுமேல் ஏறி, ராணி பிங்க் நிறத்தில் கொட்டிப் பூத்தது. டீச்சர் தினமும் காபி டம்ளரோடு எதிரில் நின்று, ஒரு பூ எப்படி வாடுகிறது என்பதை முழுசாகப் பார்த்து முடித்தார். டைல்ஸ் பேச்சு நின்றது. கங்கையம்மாள் மட்டும் அந்த இடத்தில் நடையைக் குறைத்து, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

பூத்த மூன்றாம் வாரம், முதல்முறையாகக் கேட்டைத் தட்டினார்.

"டீச்சர், ஒரு கொம்பு ஒடச்சிக் குடேன். என் வூட்ல நட்டுக்கறேன்."

"எந்தச் சாமிக்கு ஆண்ட்டி?" என்றான் ஜோஸ்வின்.

"சாமிக்கெல்லாம் இல்லப்பா. எனக்குத்தான். சும்மா பாத்துக்கினு இருக்க."

டீச்சர் நல்ல கொம்பாகத் தேடி வெட்டிக் கொடுத்தார். "ரோட்டோரமா வைங்க, நல்லா வெயில் படும்."

"ஐயோ, அங்க வேணாம் டீச்சர்," என்று கொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார் கங்கையம்மாள். "இந்தத் தெருவுல நம்ப முடியாது. பறிச்சிக்கினு பூடுவாங்க."