தண்ணீர் ஊற்றியது யார்?

சீ என்று ஒரு சொல் தமிழில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று ஜனுஷாவுக்கு நகரத்தின் ஓரத்தில் காட்டை ஒட்டியிருக்கும் டிட்டிராங்கிக்கு வந்த முதல் நாளே விளங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஹெங்க் பெருமையோடு திறந்து காட்டிய கக்கூஸில் குழாய் இல்லை, தொட்டி இல்லை, ஒரு குவளைகூட இல்லை. மரப்பலகையில் ஓர் ஓட்டை, பக்கத்தில் ஒரு வாளி மரத்தூள், அவ்வளவுதான். காரியம் முடிந்ததும் ஒரு கை தூள் அள்ளிப் போட்டால் போதுமாம். கீழே உள்ள அறையில் எல்லாம் காய்ந்து மக்கி, ஒரு வருடத்தில் உரமாகிவிடுமாம். அந்த உரத்தில் விளைந்த கீரையை உருளைக்கிழங்கோடு பிசைந்து அன்றிரவே பரிமாறினார்கள்.

அதே நகரத்தில், அரை மணி நேரத் தொலைவிலுள்ள சாண்ட்ரிங்ஹாமில் அம்மா கையால் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் இங்கே வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் நெதர்லாந்து. சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவர்களில் ஒருவரை ஆறு மாதம் அங்கே அனுப்பப்போகிறார்கள். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கட்டுவது எப்படி என்று படிக்கலாம். கடலை அணைகட்டித் தள்ளி வைத்துவிட்டு, கடல்மட்டத்துக்குக் கீழே குடியிருக்கும் அந்த நாட்டைக் கண்ணால் பார்க்காமல் எஞ்சினியராகி என்ன பயன் என்பது ஜனுஷாவின் எண்ணம். கடைசிச் சுற்றில் நின்றவர்கள் இரண்டு பேர். அவளும், கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த வெற்றியும். யார் போவது என்பதை, டச்சு நாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறிய ஓய்வுபெற்ற எஞ்சினியரான ஹெங்க்தான் சொல்வார். அவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு டச்சுக் குடும்பம் எப்படிச் சிக்கனமாக வாழ்கிறது என்பதை மூன்று வாரம் தன் வீட்டிலேயே தங்கிப் பழக வேண்டும்.

பழகுவதற்கு நிறையவே இருந்தது. காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு டப்பாவைப் பட்டென்று மூடிவிடுவார்கள். ஹெங்கின் மனைவி வில்லி தட்டுகளைச் சோப்பு நுரையில் முக்கி எடுத்து, அலசாமல் அப்படியே துணியால் துடைத்து அடுக்குவார். போதாததற்குக் கக்கூஸ் சுவரில் ஒரு நாட்காட்டி. குடும்பத்தார் பிறந்தநாளெல்லாம் அதில்தான் எழுதியிருந்தது. டச்சு வீடுகளில் அதுதான் வழக்கமாம். மரியாதைக்காக ஜனுஷாவின் பிறந்தநாளையும் அதில் சேர்த்தார்கள். தன் பெயர் அந்த ஓட்டைக்கு எதிரே தொங்குவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

முதல் நாள் மாலையே வெற்றி அவளைத் தோட்டத்து ஓரமாகக் கூப்பிட்டான்.

"ஜனுஷா, தப்பா நினைக்காதீங்க. உள்ள தண்ணியே இல்லைங்க. நான் என்ன பண்றது?"

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். போத்திலில கொண்டு போங்கோ. கோட்டுக்குள்ள மறைச்சா ஒருத்தருக்கும் தெரியாது."

"நீங்க தெய்வம்ங்க."

அன்றிலிருந்து காலையில் இருவரும் முறை வைத்துக்கொண்டு, புடைத்த கோட்டுடன் சமையலறையைத் தாண்டிப் போனார்கள். பாவம், குளிர் தாங்காத பிள்ளைகள் என்று வில்லி இரக்கப்பட்டார். உள்ளே தண்ணீர் படவே கூடாது என்று ஹெங்க் சொன்னது ஜனுஷாவின் காதில் விழாமல் இல்லை. ஒரு போத்தல் தண்ணீர் என்ன பெரிய வெள்ளமா என்று நினைத்துக்கொண்டாள். படிப்பதோ எஞ்சினியரிங்!

வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா சறோஜா, "நூறு வருசத்துக்கு மேல எங்கட மன்னாரில கோட்டை கட்டி இருந்த ஒல்லாந்தர், கழுவ மட்டும் பழகாமலே போட்டினமோ?" என்று கேட்டாள்.

இரண்டாவது வாரம் நாற்றம் கிளம்பியது. முதலில் கக்கூஸில், பிறகு நடையில், பிறகு சாப்பாட்டு மேசை வரைக்கும். ஹெங்க் கீழே போய் அறையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். பட்டாணி சூப்பை எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டே, டச்சுக்காரருக்கே உரிய முறையில் நேராகக் கேட்டார்.

"கீழே எல்லாம் சேறாகிவிட்டது. யாரோ தண்ணீர் ஊற்றுகிறீர்கள். யார்?"

பச்சை நிறத்தில், கெட்டியாக இருந்தது சூப். ஜனுஷா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் வெற்றி முந்திக்கொண்டான்.

"வந்த நாளிலிருந்தே நான் பேப்பர்தான் சார். போகிற இடத்துக்குத் தகுந்த மாதிரி நாம்தானே மாற வேண்டும்?" என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு ஜனுஷாவைக் கருணையோடு பார்த்து, "சிலருக்குக் கஷ்டம்தான்" என்றான்.

இவ்வளவு நாளும் அவள் அருவருத்ததெல்லாம் அந்தப் பார்வைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவன் கோட்டுக்குள் போத்தல் இருந்ததை அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருத்தன் கக்கூஸுக்குள் என்ன செய்கிறான் என்பதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. அவனே சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் இன்னும் கொஞ்சம் சூப் கேட்டான்.

"நான் ஊற்றினேன்," என்றாள் ஜனுஷா. "பேப்பரால் துடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார என்னால் முடியாது. எனக்கு அது அருவருப்பு."

"கையாலா கழுவுகிறாய்?" என்று வில்லி முகத்தைச் சுளித்தார்.

"எங்களுக்கு அதுதான் அருவருப்பு," என்றார் ஹெங்க், கோபம் இல்லாமல். "சரி, ஊற்றியவர்தான் அள்ள வேண்டும்."

மறுநாள் முழுக்க ஜனுஷா மண்வெட்டியும் வாளியுமாகக் கீழேயே கிடந்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெற்றி எட்டிப் பார்த்தான்.

"ஸாரிங்க. எனக்கு இதை விட்டா வேற சான்ஸ் இல்ல. நீங்க இந்த ஊர் சிட்டிசன். உங்களுக்கு எப்ப வேணும்னாலும் கிடைக்கும்."

"இந்த வாளியைப் பிடியுங்கோ."

"ஹெங்க் பார்த்தா என்ன நினைப்பாரு?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவள் அள்ளிக்கொண்டிருந்ததில் பாதி அவனுடையது.

அள்ளி முடித்ததும் குளித்துவிட்டு ஒரு படம் வரைந்தாள். கக்கூஸுக்குள்ளேயே ஒரு மூலையில் கழுவத் தனி இடம். அங்கிருந்து ஒரு குழாய். அது போய் முடியும் இடத்தில் கல்லும் மணலும் நிரப்பிய குழி. தண்ணீர் கீழறைக்குள் போகாது, மண்ணுக்குள் இறங்கிவிடும். ஹெங்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்லி அவரே குழாயும் பதித்தார். நாற்றம் அடங்கியது. அந்த மூலையை, ஹெங்குக்குத் தெரியாமல், ஜனுஷாவைவிட வெற்றிதான் அதிகம் பயன்படுத்தினான்.

கடைசி நாள் ஹெங்க் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"ஜனுஷா, உன் படம் அருமை. ஆனால் அங்கே நீ ஒரு குடும்பத்தோடு ஆறு மாதம் இருக்க வேண்டும். உனக்காக அவர்கள் வீட்டை இடிக்க மாட்டார்கள். வெற்றி எங்கள் வாழ்க்கைக்குப் பழகிவிட்டான். அவன் போகட்டும்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கீழறைக்குள் நின்றபோது வந்த அதே குமட்டல்தான் வந்தது. ஆறு மாதம், கடல், அணை எல்லாம் ஒரு பொய்யனுக்கு. நன்றி சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வாசல் கேட்டருகே வெற்றி பின்னாலேயே ஓடி வந்தான். வழியனுப்ப ஹெங்கும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். வெற்றி குரலைத் தாழ்த்தினான்.

"அங்க எல்லா வீட்லயும் பேப்பர்தானாமே. ஆறு மாசம் நான் என்னங்க பண்றது? அந்த டிராயிங்கை ஒரு காப்பி குடுத்தீங்கன்னா, போற வீட்ல கேட்டுப் பார்ப்பேன்."

ஜனுஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஹெங்குக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில், "உனக்கு எதற்கு வெற்றி? நீ வந்த நாளிலிருந்தே பேப்பர்தானே!" என்றாள்.

ஹெங்க் பெருமையோடு தலையாட்டினார். வெற்றியும் ஆட்டத்தான் வேண்டியிருந்தது.