கழுவாத கை

கம்பிகளைக் கொதிக்கப் போட்ட பிறகுதான் அவனுக்கு மனசு கொஞ்சம் அடங்கியது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று பொங்கியது. அதற்குள் வளையம் வளையமாகச் சுற்றிய நான்கு பேஸ் கிட்டார் கம்பிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சாம்பல் நிறமாகி, மேலே எண்ணெய் படர்ந்தது. இத்தனை அழுக்கையா தொட்டுத் தொட்டு வாசித்தாள் என்று முகத்தைச் சுளித்தான்.

அவனுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதும் கொதிக்க வைப்பதும்தான். கிருமியைக் கண்டால் அவனுக்கு ஆகாது. பேஸ் வாசிப்பவர்கள் பழைய கம்பியைக் கொதிக்க வைத்துப் புதுசாக்குவார்கள் என்று எங்கேயோ படித்தபோது, இது நமக்கென்றே சொன்ன வேலை என்று தோன்றியது. புதுக் கம்பி வாங்க மனம் வரவில்லை. இவை அவன் மனைவி வாசித்த கம்பிகள்.

அவள் போன மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

அவள் இருந்த இசைக்குழுவில் மொத்தம் மூன்றே பேர். பேஸ் அவள். டிரம்ஸ் அவள் தம்பி. பாட்டும் கிட்டாரும் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர், பெயரே டீச்சர் என்றாகிவிட்டது. ஆறு பாட்டுக்கு ஒலிப்பதிவு ஆரம்பித்து, ஐந்து முடித்திருந்தார்கள். ஆறாவது அப்படியே நின்றது. ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தவரை எல்லாரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த அறையில் மின்விசிறி இரைந்தாலும் பதிவை நிறுத்திவிடுகிற மனிதர். ஆறாவது பாட்டின் பேஸை கீபோர்டில் வாசித்துவிடலாம் என்றார் அவர்.

மூலையில் உட்கார்ந்திருந்த அவன், "நான் வாசிக்கிறேன்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை.

அந்த ஒரு பாட்டு மட்டும் அவனுக்குத் தெரியும். அவள் அதை அமைத்தபோது, தள்ளி நின்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்று கிட்டாரை அவன் கையில் திணித்து, விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு சுவரைப் போலத்தான் அவனை நிறுத்தி வைத்தாள். அந்தச் சுவர் இப்போது வாசிக்கிறேன் என்கிறது.

"மாசக் கடைசியில ஒரு தடவ கேட்டுப் பாப்போம்" என்றார் காது. "மத்த அஞ்சோட ஒட்டுச்சுன்னா சரி. ஒட்டலன்னா கீபோர்டு. அப்புறம் என்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கொதிநீர். கம்பிகளை எடுத்துத் துடைத்து, உலர்த்தி, ஒவ்வொன்றாகப் பூட்டினான். டீச்சரின் குரலுக்காக எல்லாவற்றையும் ஒரு கட்டை இறக்கிச் சுருதி சேர்த்தான். தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினான்.

'டங்ங்' என்றது. எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து உருண்டது போல.

அவளுடைய ஒலி 'தும்'. தலையணையில் குத்தியது போல அடங்கி, அத்தோடு முடிந்துவிடும். அடுத்த அறையில் படுத்திருந்தால் காதில் விழாது, நெஞ்சில் விழும். ஐந்து பாட்டிலும் அந்தத் தும்தான். அவன் மறுபடி தட்டினான். டங்ங். கை அப்படியே நின்றுவிட்டது. சாம்பல் நிறத் தண்ணீரை ஏற்கெனவே தொட்டியில் கொட்டியிருந்தான்.

மாலையில் மச்சினன் வந்தான். கிட்டாரை வாங்கி ஒருமுறை இழுத்துப் பார்த்தவன் அப்படியே நிமிர்ந்தான்.

"என்ன அத்தான் பண்ணீங்க?"

"கொதிக்க வெச்சேன்."

"எத?"

"கம்பிய."

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அக்கா கம்பியே மாத்தல. ஏன்னு நெனச்சீங்க, சோம்பேறித்தனமா? கம்பி மேல கம்பி சுத்தியிருக்குல்ல, அந்த இடுக்குல அழுக்கு ஏறினாத்தான் அந்த சவுண்டே வரும். நீங்க அலசிப் பிழிஞ்சு கொடியில காயப் போட்டுட்டீங்க."

"கொடியில போடல. துணியால தொடச்சேன்."

"ரொம்ப நல்லது."

மச்சினன் மறுபடி வாசித்தபோது கிட்டார்க் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளில் கம்பி உரசி 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்தவன் உடனே ஆலன் கீ என்ற திருகுசாவியைத் தேடி எடுத்தான். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகினால் கழுத்தின் வளைவு மாறும் என்பதையும் படித்து வைத்திருந்தான்.

"தொடாதீங்க!" மச்சினன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "நாலு கம்பியையும் ஒரேயடியாக் கழட்டிட்டீங்க. அதான் கழுத்து நிமிந்து நிக்குது. கம்பி இழுக்க இழுக்க நாளைக்குத் தானா பழையபடி வளையும். எதப் பாத்தாலும் சரி பண்ணணும் உங்களுக்கு."

மறுநாள் அவன் அவள் செய்வது போலவே பார்த்தான். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசியிலும் அழுத்திக்கொண்டு, நடுவில் உள்ள இடைவெளியில் பல் டாக்டரின் அட்டையை நுழைத்தான். கிட்டார் பெட்டிக்குள்ளேயே அவள் போட்டு வைத்திருந்த அட்டை அது. பல்லுக்குப் போனாளோ இல்லையோ, கழுத்துக்கு அதுதான் அளவு. தட்டாமல், தளராமல் சரியாக நுழைந்தது. உரசல் போய்விட்டது.

டங்ங் மட்டும் போகவில்லை.

கிட்டாரின் டோன் குமிழை முழுக்கக் குறைத்தான். ஒலி போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல ஆனது. கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்கு அருகே, அவற்றுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகினான். தும் வந்தது, ஆனால் மூச்சு விடாத தும். டீச்சருக்குப் போனில் வாசித்துக் காட்டினான்.

"பொய் சொல்லட்டுமா, உண்மை சொல்லட்டுமா?"

"உண்மை."

"யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கு. தெறக்கணும்னு தோணல."

ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கை கழுவப் போனான். சோப்பை எடுத்தவன் அப்படியே நின்றான்.

அந்த சோப்பை அவன்தான் அங்கே வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு துண்டையும் மாட்டியிருந்தான். அவள் வேலையிலிருந்து வந்து, சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்து, விரலைச் சப்பிவிட்டு நேரே கிட்டாரைத் தூக்குவாள்.

"கையக் கழுவிட்டுத் தொடேன், புண்ணியமாப் போகும்."

"கழுவினா கம்பி கோவிச்சுக்கும்."

"கம்பிக்கு என்ன தெரியும்?"

"உன்னவிட நெறையத் தெரியும்."

இதே சண்டை, வாரத்துக்கு நாலு தடவை. ஒரு தடவைகூட அவன் ஜெயித்ததில்லை. கடைசியில் அவள் இல்லாத வீட்டில் பாத்திரமும் அடுப்புமாக ஜெயித்திருக்கிறான்.

சோப்பை வைத்தான். கடைக்குப் போய் அவள் வாங்கும் அதே சிப்ஸை வாங்கி வந்தான். ஒரு பாக்கெட் முழுக்க, பசியில்லாமல், நின்றபடியே தின்றான். எண்ணெய்க் கையோடு கிட்டாரை எடுத்தான். உடம்பெல்லாம் கூசியது. வாசித்தான்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். வேலையிலிருந்து வந்ததும் சிப்ஸ், பிறகு கிட்டார். வியர்வை வழிந்தால் வழியட்டும் என்று மின்விசிறியைப் போடவில்லை. விரல் நுனிகள் கொப்பளித்து, உடைந்து, தோல் தடித்தது. பரிசோதனைக் கூடத்தில் கையுறை மாட்டும்போது எரிந்தது. கிட்டார்க் கழுத்தின் பின்பக்கம் கறுத்துப் பிசுபிசுத்தது. துடைக்கும் துணியை எடுக்கப் போய், பாதி வழியில் திரும்பி வருவான். மச்சினன் நடுவில் இரண்டு தடவை வந்து, முழங்காலில் தாளம் தட்டிக் கூட வாசித்தான்.

"அத்தான், தாளம் ஓடுது, நீங்க நடக்குறீங்க."

"மறுபடியும் தட்டு."

"கை வலிக்குது."

"எனக்கும்தான். தட்டு."

மச்சினன் தட்டினான். நாள் போகப் போக டங்ங் சுருங்கியது. ஒரு மாலை கடைசி 'ங்' விழுந்துவிட்டது. அவன் அதை மச்சினனிடம் சொல்லவில்லை.

மாசக் கடைசி ஞாயிறு. ஒலிப்பதிவுக் கூடத்தில் காது ஐந்தாவது பாட்டை ஒருமுறை ஓடவிட்டார். அவள் வாசிப்பு அறையை நிரப்பியது. டீச்சர் தரையைப் பார்த்தபடி நின்றார். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டான்.

"டீ வந்திருக்கு. கை கழுவிட்டு வாங்க, குடிச்சுட்டு ஆரம்பிக்கலாம்" என்றார் காது.

"வாசிச்சுட்டுக் கழுவுறேன்."

முதல் தடவை நடுவில் விரல் தடுமாறியது. "இன்னொண்ணு" என்றான். இரண்டாவதில் மச்சினன் முந்திவிட்டான். "இப்ப ஓடினது நீ" என்றான் அவன், திரும்பாமலே. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவதில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தடித்த கம்பி தும் என்று விழுந்து, மூச்சு விட்டு, அடங்கியது. பாட்டு முடிந்தும் காது கையைத் தூக்கியே வைத்திருந்தார். கடைசி ஒலி முழுக்கச் சாகும்வரை யாரும் அசையக் கூடாது.

பிறகு ஐந்தையும் ஆறையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டார். மறுபடி கேட்டார்.

"அவங்க மாதிரி இல்ல."

"இல்ல" என்றான்.

"கொஞ்சம் முரடா இருக்கு. ரெண்டாவது சரணத்துல பின்னாடி இழுக்குது."

"தெரியும்."

காது ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆனா அதே வீட்டு ஆளுங்க மாதிரி இருக்கு. கீபோர்டு வேணாம்."

டீச்சர் டீயை அவன் பக்கம் நகர்த்தினார். ஆறிப் போயிருந்தது.

மச்சினன் கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்கப் போனான். பெட்டியில் கிடந்த துணியை எடுத்து, கம்பிகளை ஒரு இழுப்பு இழுக்கக் குனிந்தான்.

"மச்சான்."

"என்ன அத்தான்?"

"தொடைக்காத."

மச்சினன் துணியைக் கீழே போட்டான். காதிடம் சொன்னபடியே அவன் போய்க் கை கழுவிவிட்டு வந்து, ஆறிய டீயைக் குடித்தான்.