இரைச்சல் நீக்கி

ஒரு பொருளை வாங்குவதென்றால் அந்த லிஃப்ட் மெக்கானிக் லேசில் வாங்கிவிட மாட்டார். கையடக்க டிஜிட்டல் வானொலி செட் எது வாங்கலாம் என்று மழைக்காலம் முழுக்க யோசித்துவிட்டு, வெயில் வந்த பிறகுதான் மச்சானையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

இருவரும் உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரர்கள். காலையில் பல் விளக்கியதும் ஆளுக்கொரு பழைய வாக்கி-டாக்கியைப் பிடித்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். "கூடப் பிறந்தவ போன் பண்ணா எடுக்கறதில்ல, அந்தப் பெட்டியில மட்டும் வாய் ஓயாது" என்று மெக்கானிக்கின் மனைவி தன் அண்ணனைத் திட்டாத நாளில்லை. அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அவளும் திட்டுவதை விட்டுவிட்டாள். மச்சானுக்கு மிஞ்சியது பாதி காற்று, பாதி கரகரப்பு. கடைகண்ணியில் வாயே திறப்பதில்லை, விரலால் காட்டி வாங்கிவிடுவார். காலையில் மாப்பிள்ளையிடம் பேசுவதுதான் அவருடைய ஒரே பேச்சு. அதையும் விட்டுவிட்டால் மனுஷன் ஊமையாகிவிடுவார் என்று மெக்கானிக்குக்குப் பயம்.

கூட்டாளிகள் எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள். பழைய செட்டின் பேட்டரியோ இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் செட்டுகளைப் பரப்பினார். "இது சட்டைப் பையில அடங்கும், ஆனா சார்ஜ் நிக்காது. இது கனம், கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. இதுல இரைச்சல் நீக்கி இருக்கு சார். பக்கத்துல லாரி போனாலும் பேச்சு மட்டும்தான் கேக்கும்."

மோட்டார் அறையின் சத்தத்திலேயே காலம் தள்ளும் மெக்கானிக்குக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதில் ஒன்றை மச்சானிடம் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்பினார்.

திரையில் மச்சான் கையிலிருந்த செட்டின் அடையாளக்குறி வந்தது. சிக்னல் முழுசாக இருந்தது. பேச்சைத்தான் காணோம். நடுவில் தண்ணீர் கொப்பளிப்பது போல ஏதோ கேட்டு அடங்கியது.

"பட்டனை அழுத்தாமப் பேசறாரோ?" என்றார் மெக்கானிக்.

"அழுத்தலன்னா இந்தக் குறி வராதே. அவர் குரல் எப்படி சார்?"

மெக்கானிக் சொன்னார். கடைக்காரரின் குரல் தணிந்தது. "அப்ப அவர் குரலையும் இரைச்சல்னு நினைச்சுக் கழிச்சிடுது. இதை அணைச்சாலும் டிஜிட்டல்ல பெருசா தேறாது."

அதற்குள் மச்சான் திரும்பிவிட்டார்.

"கேட்டுச்சா மாப்ள?"

"கணீர்னு கேட்டுச்சு மச்சான்." பொய் தானாக வந்து விழுந்தது.

மச்சான் தரையைப் பார்த்தார். "அப்ப நான் சொன்னது உனக்குச் சம்மதம்தானே?"

மெக்கானிக் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி விழித்தார். எதற்கு என்று தெரியாமல் எப்படிச் சம்மதம் சொல்வது? கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். "ஒண்ணுமே கேக்கல. உங்க குரலைச் சத்தம்னு கழிச்சிடுச்சாம்."

மச்சான் கையிலிருந்த செட்டை மேசைமேல் வைத்தார். பிறகு, "நேர்ல சொல்ல மனசு வராமத்தான் அங்க போய்ச் சொன்னேன்," என்றார். "நாளையிலேருந்து நான் பேசலை. நீ இதை வாங்கிட்டு நம்ம கூட்டாளிகளோட பேசு. என் கரகரப்பை எத்தனை நாளைக்குத்தான் சகிச்சுக்குவே?"

மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது.

"நீங்க சொன்னது இரைச்சல்தான் மச்சான். பெட்டி சரியாத்தான் கழிச்சிருக்கு."

அவர் கடைக்காரரிடம் திரும்பினார். "டிஜிட்டலும் வேணும், பழைய முறையும் வேணும். ஒரே பட்டன்ல மாறணும்."

"அந்தக் கனமானதுலதான் மாறும்."

"சுமந்துக்கறேன். ரெண்டு எடுங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் மச்சான் அதில் ஒன்றோடு மறுபடியும் தெருமுனைக்குப் போனார். மெக்கானிக் பட்டனைப் பழைய முறைக்கு மாற்றினார். எண்ணெயில் பொரிவது போல ஒரே இரைச்சல். அதற்கு நடுவே அந்தக் கரகரத்த குரல் வந்தது.

"மாப்ள, இந்தக் கடைக்காரன் முழிக்கிற முழியே சரியில்ல. பேரம் பேசாம வாங்கிடாத."

ஒரு எழுத்து விடாமல் கடைக்காரருக்கும் கேட்டது. அவர் திரும்பிக்கொண்டு அட்டைப்பெட்டியைத் தேடினார்.