அக்காவின் பாலம் ஏழு கிலோவில் முறிந்தது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் தலை முழுக்கச் சாயம். அரை மணி நேரம் ஊற வேண்டும். எழுந்து ஓட வழியில்லை. எழுத்தாளர்கள் கதை தேடி அலைகிறார்கள் என்பதெல்லாம் சும்மா. என்னைக் கதைதான் பிடித்து உட்காரவைத்துக் கழுத்தில் துணி கட்டியது.

சொன்னவர் எனக்கு முடி வெட்டும் பார்லர் அக்கா. ஒன்றரை வருடமாக இன்ஜினியரிங்குக்குப் படிப்பதாகவும், அதுவும் உதவித்தொகையில் படிப்பதாகவும், மழை வரும்போல இருக்கிறது என்கிற தொனியில் சொன்னார். பெற்ற மகன்தான் வகுப்புத் தோழன் என்றதும் நான் திரும்பிப் பார்த்தேன். சாயம் காதுக்குள் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் எழுத ஆரம்பித்தேன்.

"பாலங்களைக் காணும்போதெல்லாம் சிறுவயதிலிருந்தே அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று–"

இந்த வாக்கியம் இதற்கு மேல் போகவில்லை. அடுத்த முறை பார்லருக்குப் போனபோது இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். என் பிடரியில் கத்தரிக்கோல் நின்றது.

"எந்தப் பாலம்? நான் பொறந்த இடத்துல ஆறே கிடையாதே."

2

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

மகன் பள்ளியிறுதியில் கணக்கைத் தட்டுத்தடுமாறித் தாண்டியிருந்தான். நேராக இன்ஜினியரிங் கல்லூரிக்குள் நுழைய அந்த மதிப்பெண் போதாது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தால், அங்கிருந்து இன்ஜினியரிங் கல்லூரியின் மூன்றாம் வருடத்துக்கு மாறிக்கொள்ளலாம். சேர்க்கை நாளன்று அக்கா மகனை இழுத்துக்கொண்டு போனார். (இழுத்துக்கொண்டு என்பது பேச்சுக்கு. அவன் போர்வையை விட்டே வெளியே வரவில்லை. அக்கா தனியாகத்தான் போனார்.)

கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிராமலே, "யாருக்கு அட்மிஷன்?" என்று கேட்டாள்.

"எனக்கு" என்றார் அக்கா.

கொஞ்சம் பொறுத்துத்தான், "என் பையனுக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எழுதுகிறவளுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. கல்யாணத்தால் நின்றுபோன படிப்பு, பெட்டிக்கு அடியில் பழைய பாடப்புத்தகம் என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்தேன். அக்கா எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளியில் கணக்கு நன்றாக வந்தது உண்மை. மற்றபடி, "அந்தப் பொண்ணு கேட்டா, வாய் முந்திக்கிச்சு. அப்புறம் இல்லைன்னு சொல்ல வெக்கமாப் போச்சு" என்பதுதான் அவர் தரும் முழு விளக்கம். வெட்கப்பட்டு இன்ஜினியரிங்கில் சேர்ந்த ஒருவரை வாசகர்கள் நம்புவார்களா என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

உதவித்தொகைக்கான தேர்வை இருவரும் எழுதினார்கள். அக்காவுக்குக் கிடைத்தது. மகனுக்குக் கிடைக்கவில்லை. லாரி ஓட்டும் அப்பா தொலைபேசியில் மனைவியை வாழ்த்திவிட்டு, மகனிடம் பேசாமலே வைத்துவிட்டார். ஒரு வாரம் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

3

எட்டாம் நாள் மகனே வாயைத் திறந்து ஓர் ஒப்பந்தம் போட்டான். கல்லூரி வாசலைத் தாண்டினால் அம்மாவுமில்லை, பிள்ளையுமில்லை. அவன் "மேடம்" என்பான். அவர் "தம்பி" என்று பன்மையில் பேசவேண்டும். போக வர வேறு வேறு பேருந்து.

அக்கா ஒப்புக்கொண்டார். முதல் வருடம் முழுக்க யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஒருத்தி மட்டும், இரண்டு பேர் டப்பாவிலும் தினமும் ஒரே குழம்பு இருக்கிறதே என்று கேட்டாள். இருவரும் ஒரே கடையில் வாங்குவதாக மகன் சொன்னான். "அந்தக் கடையில உப்பு ஜாஸ்தி" என்று வேறு சொன்னானாம். அதை அக்கா இன்னும் மறக்கவில்லை.*

* இதை என்னிடம் சொன்னபோது என் முன்நெற்றி முடி தேவைக்கு மேல் குட்டையாயிற்று.

4

இரண்டாம் வருடத்தில் கட்டமைப்புப் பாடம் வந்தது. அதை நடத்தும் சார் பேச்சில் சிக்கனக்காரர். இரண்டிரண்டு பேராக ஐஸ்குச்சியாலும் பசையாலும் ஒரு பாலம் கட்டவேண்டும். நடுவில் வாளியைத் தொங்கவிட்டு எடைக்கல் போடுவார். இருபது கிலோ தாங்கினால் தேர்ச்சி, இல்லையென்றால் பாடமே போச்சு என்றார். ஒரு பாடம் போனாலும் அக்காவின் உதவித்தொகை நின்றுவிடும். பார்லர் வருமானம் ஒருவர் கல்லூரிச் செலவுக்குத்தான் காணும். அது மகனுக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

ஜோடியைச் சார் சீட்டுக் குலுக்கி எடுத்தார். யாருக்கு யார் வந்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. (இது கதைக்காகச் செய்த வேலை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நானும் அக்காவிடம் கேட்டேன். "குலுக்கினது சார். அவரைக் கேளுங்க" என்றார்.)

கணக்கு அக்காவின் பொறுப்பு, ஒட்டுவது மகனுடையது. பார்லரைப் பூட்டிவிட்டு வந்து, எந்தக் குச்சியில் எவ்வளவு விசை வரும், எங்கே ஒற்றைக் குச்சி போதும், எங்கே இரட்டை வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். கிறுக்கலாக இருக்கிறதென்று மகன் அதை அழகாகப் படி எடுத்தான். அதைப் பார்த்துப் பார்த்து ஒட்டினான்.

சோதனையன்று வாளியில் முதலில் ஐந்து கிலோ விழுந்தது. பாலம் நின்றது. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தார். அடுத்து இரண்டு கிலோ. படக்கென்று ஒரு சத்தம்; வாளி தரையில் கிடந்தது.

5

அக்கா முதலில் ஒப்பந்தப்படிதான் ஆரம்பித்தார். "தம்பி, நீங்க பசை காயுறதுக்குள்ள எடுத்துட்டீங்க" என்றார். மகன் வாளியைத் தூக்கி நிறுத்தினான். "ரெண்டு நாள் காய விடணும்னு சொன்னேன்ல தம்பி, நீங்க கேட்டீங்களா?" அவன் வாயே திறக்கவில்லை. அந்த மௌனம் அக்காவுக்குப் பழக்கமான மௌனம். பத்தொன்பது வருடமாகப் பார்த்து வருவது.

"உங்கப்பனாட்டமே நிக்காத. வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டார் சார்.

யாரோ ஒருவர் சிரித்துத் தொடங்கிவைக்க, அறையே சிரித்தது. குழம்பைப் பற்றிக் கேட்டவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மகன் காதுமடல் வரை சிவந்து நின்றான். சார் மட்டும் உடைந்த பாலத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசை எங்கயும் விடலையே. மேல இருக்குற குச்சிதான் முறிஞ்சிருக்கு. இங்க ரெட்டை போட்டிருக்கணும். கணக்கு யாரு?"

சிரிப்பு நின்றது. கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தவர், டேன் நாற்பத்தைந்து டிகிரி எவ்வளவு என்று அக்காவைக் கேட்டார். ஒன்று என்றார் அக்கா. தாளில் ஒன்று புள்ளி ஆறு இரண்டு என்று இருந்தது. கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அளவில் கிடந்திருக்கிறது. அதனால் விசை குறைவாக வந்து, இரட்டைக் குச்சி வேண்டிய இடம் ஒற்றையாகிவிட்டது. மனப்பாடமாகத் தெரிந்த விடையை விட்டுவிட்டு, அந்தப் பெட்டி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார் அக்கா.

6

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தத் தாள் மகனின் கையெழுத்தில் இருந்தது. டேன் நாற்பத்தைந்தை அவனும் படித்தவன்தான். எழுதும்போது அது அவன் கண்ணில் படவில்லையா?

ஒரு பிரதியில், அவனுக்குத் தெரியாது. பாட்டுக் கேட்டுக்கொண்டே எழுதினான், அவ்வளவுதான். இப்படி எழுதினால் கதை நல்லபடியாக, கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

இன்னொரு பிரதியில், பேனா அந்த இடத்தில் நிற்கிறது. அடுத்த அறையில் அம்மா நாளெல்லாம் நின்ற காலை நீவிக்கொண்டிருக்கிறார். சொல்லலாம். உதவித்தொகை கிடைத்த மேடத்துக்குத் தெரியாததா என்று அவன்–

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் அக்காவிடம் வாசித்தேன். அவர் வெகுநேரம் சீப்பைக் கழுவினார். மகனிடம் அதைக் கேட்டதே இல்லை என்றார். அன்று மாலை வீட்டில் பேசிக்கொள்ளவும் இல்லையாம். முதல்முறையாக இருவரும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் வந்திருக்கிறார்கள். நிறுத்தம் வருவதற்குச் சற்று முன் அக்கா, "தப்பு என்னுதுடா" என்றார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி விடும்மா" என்றான்.

7

சார் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். இந்த முறை கணக்கை இருவரும் தனித்தனியே போட்டு, சத்தமாகச் சண்டை பிடித்து, ஒட்டினார்கள். இரண்டாவது பாலம் நாற்பது கிலோ தாங்கியதாக எழுத எனக்கு ஆசை. இருபதைத் தாங்கி, இருபத்தொன்றில் போய்விட்டது. சார் தேர்ச்சி என்று எழுதிவிட்டு, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்குங்க" என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதானாம்.

கடைசித் தேர்விலும் தேறினார்கள். இன்ஜினியரிங் கல்லூரியில் இருவருக்கும் மூன்றாம் வருடத்தில் இடம். அக்காவின் உதவித்தொகை அங்கேயும் தொடர்கிறது. கட்டுமானப் பிரிவை அம்மா எடுப்பதால் மகன் இயந்திரவியலுக்குப் போய்விட்டான். அங்கேயாவது நிம்மதியாக இருக்கலாம் என்று காரணம் சொன்னான்.

8

நேற்றுப் பார்லருக்குப் போனேன். எனக்கு முடி வெட்ட ஒன்றுமில்லை, முடிவுக்காகப் போனேன். அம்மாவை அழைத்துப் போக மகன் வந்திருந்தான். ஒல்லியாக, வாசல்படியில் சாய்ந்து நின்றான். இத்தனை மாதம் இவனை எழுதியவள், முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். சும்மா இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அந்தத் தாளைப் படி எடுக்கும்போது உனக்குத் தெரியுமாப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். அம்மாவின் முதுகைப் பார்த்தான். பிறகு நேராக நின்று பேச ஆரம்பித்தான்.

அக்கா அந்த நொடியில் முடி உலர்த்தும் கருவியைப் போட்டார். கடையில் யாருடைய தலையும் ஈரமாக இல்லை. கண்ணாடியைப் பார்த்தபடி, வெற்று நாற்காலியின் மேல் அதை உச்ச வேகத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஆமாம், இல்லை என்பதைவிட நீளமான பதில். அவன் சொல்லி முடித்து வாயை மூடிய பிறகுதான் அக்கா கருவியை அணைத்தார். "போலாமா?" என்று கைப்பையை எடுத்தார்.

எனக்கு உதட்டைப் படிக்கத் தெரியாது. அவன் அங்கே நிற்கிறான், நீங்களே பாருங்கள். எந்தப் பதில் கேட்கிறதோ அதையே முடிவாக எழுதிக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.