மூன்று பக்கப் புகார்

டாக்டர் லாஹிரி சுக்குவை அடித்ததை வத்சலா கண்ணால் பார்த்தாள். பார்த்த பிறகும் அவரிடம் "தேங்க் யூ டாக்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். இந்த இரண்டில் எது பெரிய குற்றம் என்பதுதான், டாக்குரியா வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது வழியெல்லாம் அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வீட்டு நாய் சுக்குவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. வழக்கமாகப் போகும் டாக்டர் தன் மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டதால், புதிதாக லாஹிரியிடம் அழைத்துப் போனாள். அந்தக் கிளினிக்கில் நாயை உள்ளே கொடுத்துவிட்டு வளர்ப்பவர்கள் வெளியே உட்கார வேண்டுமாம். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள். வத்சலா பிறந்து வளர்ந்த பவானிபூர் வீட்டில் டாக்டர் என்றால் பாதிக் கடவுள். அவர் வந்தால் எழுந்திருப்பார்கள், அவர் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதிலும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே எல்லாம் தெரிந்தது. டாக்டர் வங்காளியில் "போஷோ" என்றார். பிறகு இங்கிலீஷில் "சிட்" என்றார். சுக்கு நின்றுகொண்டே இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் டாக்குரியா பாலத்துக்கடியில் மழையில் நனைந்துகொண்டிருந்த, காய்ந்த சுக்கு நிறக் குட்டி அது. வந்த நாள் முதல் வீட்டில் அதனிடம் தமிழ்தான். "உக்காரு" என்றால் உட்காரும், "போறும்" என்றால் குரைப்பதை நிறுத்தும். கல்கத்தா தெருவில் பிறந்த நாய்க்கு ஒரு வார்த்தை வங்காளி தெரியாமல் வளர்த்து வைத்திருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். அதில் அவர்களுக்குப் பெருமை வேறு.

டாக்டர் நாய்ச் சங்கிலியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கொக்கி இருந்த முனையால் மூக்கின் மேல் ஒன்று, விலாவில் இரண்டு. சுக்கு வீறிட்டது. மூன்றாவது அடிக்குத்தான் திரும்பி அவர் சட்டைக் கையைக் கவ்வியது. வத்சலா பாதி எழுந்தாள். ஒருவேளை நாயை அடக்க இப்படியும் ஒரு முறை இருக்குமோ என்னவோ, நமக்கென்ன தெரியும் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறந்து தலையை நீட்டி "உக்காருடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது உட்கார்ந்திருக்கும்.

வெளியே வந்த டாக்டர் ஊசி அட்டையை நீட்டினார். அதில் சிவப்பு மையில், "கடிக்கும் நாய்" என்று எழுதியிருந்தது. அதை வாங்கிக்கொண்டுதான் அந்த நன்றியைச் சொன்னாள்.

சிவப்பு மையில் இருந்த அந்த இரண்டு வார்த்தையின் கனம் அடுத்த மாதம்தான் தெரிந்தது. அவர்கள் குடியிருக்கும் வளாகத்தின் முற்றத்தில் ஒவ்வொரு வருஷமும் துர்கா பூஜைப் பந்தல் போடுவார்கள். ஐந்து நாளும் கூட்டம் தாங்காது, குழந்தைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இந்த வருஷம் கமிட்டி ஒரு புது விதி போட்டிருந்தது. நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் வரும் மஹாளயாவுக்குள் ஊசி அட்டையைக் காட்ட வேண்டும், கடிக்கும் நாய் என்று தெரிந்தால் வளாகத்திலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. கமிட்டிச் செயலாளர் தத்தா பாபு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தினம் காலையில் சுக்குவுக்கு அரை பிஸ்கட் போடுகிறவர்தான், வத்சலாவை அண்ணி என்ற அர்த்தத்தில் பௌதி என்று கூப்பிடுகிறவர்.

"பௌதி, இது கடிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா டாக்டரே எழுதியிருக்காரே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க? அந்த வார்த்தையை மாத்தி வாங்கிட்டு வாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

வத்சலா லாஹிரியிடம் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடிச்சுது. எழுதினேன்" என்றார்.

"நீங்க அடிச்சதுக்கப்புறம்தானே டாக்டர்?"

"அடக்கறதுக்குப் பேரு அடி இல்லை, மேடம்."

வாசலிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. சுக்குவை எங்கே கொண்டுபோய் விடுவது? மறுபடி பாலத்துக்கடியிலா?

அடிபட்ட மறுநாளே பாலிகஞ்சில் மிதாலி என்ற இளம் டாக்டரிடம் அவள் சுக்குவைக் காட்டியிருந்தாள். அந்த அளவுக்காவது புத்தி வேலை செய்தது. மேஜையைக் கண்டதுமே சுக்கு தரையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மிதாலி மேஜையை விட்டுவிட்டு, தானே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விலாவைத் தடவிப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் இடது விலாவிலும் மூக்கிலும் ரத்தம் கட்டியிருந்தது. படம் எடுத்தாள், தேதி போட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். இப்போது வத்சலா அட்டையோடு போய் நின்றதும், "கால்நடை டாக்டர்களுக்கு ஒரு கவுன்சில் இருக்கு. அங்கே எழுதிப் போடுங்க" என்றாள். "அவரைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எழுத வேண்டாம். கண்ணால பார்த்ததை மட்டும், நடந்த வரிசையில எழுதுங்க."

எழுதுவது என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் அது அவள் கணவர் சுந்தரேசனின் இலாகா. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் ஹையர் முடித்து, இருபத்து நான்கு வயதில் ஹவுராவில் வந்து இறங்கியவர். மத்திய அரசாங்க ஆபீஸ் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் கடிதம் வரைந்தே ஓய்வு பெற்றார். அவர் வரைந்த கடிதத்தைப் படித்து யாருக்கும் கோபம் வந்ததாகச் சரித்திரமில்லை. வேலையை விட்டுத் தூக்கிய உத்தரவைக்கூட, கையில் வாங்கியவன் ஏதோ பதவி உயர்வு என்று எண்ணி இனிப்பு வாங்கிக் கொடுத்தானாம். இதை அவரே பெருமையாகச் சொல்லுவார்.

இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். வத்சலா முழுவதும் படித்தாள். தென் கல்கத்தாவின் வாயில்லா ஜீவன்களுக்கு டாக்டர் லாஹிரி முப்பது வருஷமாக ஆற்றிவரும் தொண்டில் முதல் பக்கம் போய்விட்டது.

"ஏன்னா, இதுல அடிச்சார்ங்கற வார்த்தையே இல்லையே?"

"இருக்கே. ரெண்டாம் பக்கம், நாலாவது பாரா. டாக்டருடைய கரத்துக்கும் மேற்படி பிராணிக்கும் இடையே எதிர்பாராத ஸ்பர்சம் நேர்ந்திருக்க வாய்ப்புண்டுன்னு போட்டிருக்கேன் பாரு."

"ஸ்பர்சமா? சங்கிலியாலன்னா அடிச்சார்!"

"எடுத்த எடுப்பில மூஞ்சியில அறைஞ்சாப்ல எழுதப்படாது வத்சலா. ஆபீஸ் பாஷையில அதுக்கு அதான் அர்த்தம். படிக்கறவாளுக்குப் புரியும்."

அவர் முகத்தில் பரம திருப்தி தெரிந்தது. மிதாலி எழுதிக் கொடுத்த காகிதத்தையும் படங்களையும் உறையில் வைக்கச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. முதல் கடிதத்திலேயே ஆதாரம் வைப்பது மரியாதைக் குறைவாம்.

மூன்று வாரம் கழித்துக் கவுன்சிலிலிருந்து பதில் வந்தது. டாக்டர் லாஹிரியின் சேவையைப் பாராட்டித் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி, அதன் நகல் ஒன்று அவருக்கும் அனுப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

சுந்தரேசன் அதை இரண்டு தரம் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வத்சலா சிரித்தாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் அடக்க முடியவில்லை. சோபாவுக்கடியிலிருந்து சுக்கு தலையை நீட்டிப் பார்த்தது. யாராவது கையை உயர்த்தினாலே அங்கே போய் ஒடுங்கிக்கொள்ளும் பழக்கம் ஊசி போட்ட நாளிலிருந்து அதற்கு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. மஹாளயாவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அவளே எழுத உட்கார்ந்தாள். இங்கிலீஷில் எழுதினால் கணவர் எட்டிப் பார்த்துத் திருத்துவார். தமிழில் எழுதினால் கவுன்சிலில் படிக்க ஆளில்லை. அவள் பவானிபூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது வங்காளி. அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது போல வங்காளியிலேயே எழுதினாள். ஒரு பக்கம் கூட வரவில்லை.

நாய் உட்காரவில்லை. அதற்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அதை நான் சொல்லவில்லை, அது என் தப்பு. டாக்டர் சங்கிலியின் கொக்கியால் மூக்கில் ஒருமுறையும் விலாவில் இரண்டு முறையும் அடித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதன் பிறகே நாய் அவர் சட்டையைக் கடித்தது. நான் எழுந்து உள்ளே போகவில்லை. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் என் தப்பு. ஆனால் கடிக்கும் நாய் என்று எழுதியது என் தப்பு இல்லை.

மிதாலியின் காகிதத்தையும் படங்களையும் வைத்து, தானே தபாலாபீஸுக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

பத்தே நாளில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. சுந்தரேசனும் கூட வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு நீள மேஜை. அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மாள் வத்சலாவின் கடிதத்தை நிதானமாக வாய்விட்டுப் படித்தார். தன் தப்புகளை இன்னொருவர் குரலில் கேட்டபோது வத்சலாவுக்குக் காதெல்லாம் சூடேறியது.

எதிரில் உட்கார்ந்திருந்த லாஹிரி பதறவில்லை. கோப்பைத் திறந்து மூன்று பக்கக் கடிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதையும் கொஞ்சம் பாருங்க. இதே நாய் விஷயமா இவங்க வீட்டுக்காரர் எழுதினது. என் சேவையை எவ்வளவு பாராட்டியிருக்கார்னு படிங்க. இப்ப திடீர்னு அந்தம்மா அடிச்சேன்னு சொல்றாங்க. ரெண்டுல எது உண்மை?"

அந்தக் கடிதத்தை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். முடிந்தது, சுக்கு போயே போய்விட்டது என்று வத்சலா நினைத்தாள். கணவர் பக்கம் திரும்பக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

நரைத்த தலை அம்மாள் மூன்று பக்கத்தையும் புரட்டினார். "இது நீங்க எழுதினதா?" என்று கேட்டார்.

சுந்தரேசன் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மிகுந்த மரியாதையுடன் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று வத்சலா நடுங்கினாள். ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தார், அது தெரிந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டார். நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவருடைய வங்காளி கறிகாய்க் கடையைத் தாண்டியதில்லை. அந்தக் கறிகாய்க் கடை வங்காளியிலேயே சொன்னார்.

"எழுதினது நான்தான். அது பொய். பயந்துண்டு எழுதினேன். உனி மேரேச்சேன்."

அவர் அடித்தார் என்பதற்கு வங்காளியில் இரண்டே வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முப்பத்தாறு வருஷத்தில் தான் வரைந்த ஒரு கடிதத்தை அவர் திரும்பப் பெற்றதே இல்லை. வத்சலா மேஜைக்கடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான்.

அம்மாள் படங்களை எடுத்து லாஹிரிக்கு முன்னால் ஒவ்வொன்றாக அடுக்கினார். "மூக்கில அடையாளம், விலாவில ரெண்டு. கடிதத்தில இருக்கற கணக்கு சரியா இருக்கே, டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். லாஹிரி, "சங்கிலி... சட்டைக் கை..." என்று ஏதோ ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

உத்தரவு மஹாளயாவுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. லாஹிரிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. நாயை வளர்ப்பவர் கூட இருக்க விரும்பினால் தடுக்கக் கூடாது. அட்டையில் எழுதியது செல்லாது, வேறு டாக்டரிடம் புது அட்டை வாங்கிக்கொள்ளலாம். இன்னும் பெரிய தண்டனை கொடுத்திருக்கலாம் என்று வத்சலாவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் உத்தரவைக் கண்டதும் தத்தா பாபு சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சுக்குவுக்கு அன்று முழு பிஸ்கட்.

புது அட்டைக்காக அவர்கள் மிதாலியிடம் போனபோது பூஜைக் கூட்டத்தில் பாலிகஞ்சே அடைத்துக் கிடந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண் சங்கிலிக்குக் கையை நீட்டி, "நீங்க ரெண்டு பேரும் வெளியில உக்காருங்க" என்றாள். வத்சலாவின் முழங்கால் தன்னால் மடங்கியது. பழக்கம்தான். சுந்தரேசன் சங்கிலியைக் கொடுக்கவில்லை.

"உள்ளதான் இருப்போம்" என்றார். கைண்ட்லி இல்லை, ப்ளீஸ் இல்லை.

உள்ளே சுக்கு மேஜையைப் பார்த்து நடுங்கத்தான் செய்தது. வத்சலா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மெதுவாக, "உக்காருடா" என்றாள். உட்கார்ந்தது. அவள் கைக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டது. மிதாலி தடவிப் பார்த்தாள், கடைவாயைத் திறந்து பார்த்தாள், நிதானமாகப் புது அட்டையை எழுதி நீட்டினாள்.

நன்றி சொல்ல வாயெடுத்த வத்சலா ஒரு நிமிஷம் நிறுத்தினாள். முதலில் சுக்குவைப் பார்த்தாள். அது மிதாலியின் கையை முகர்ந்துகொண்டிருந்தது, வால் லேசாக ஆடியது. அதைப் பார்த்த பிறகுதான் சொன்னாள்.