ஐந்தாம் பெஞ்சில் இறக்கி வைத்த பாரம்

ஏரிக்கரைப் பாலிகே சந்தையில் மிளகாய் விலை இரட்டிப்பான வாரத்தில், லும்பான் நஹோர் கிராமத்து ஆலயத்தின் ஐந்தாவது பெஞ்சு மூன்று விரற்கடை தரைக்குள் இறங்கிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டிப் பெருக்க வந்த கோயில்பிள்ளை தியோதோர் அக்காதான் அதை முதலில் கண்டாள். பெஞ்சின் மேல் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சிமெண்ட் தரை வெடித்து, கால்கள் நான்கும் சேற்றில் ஊன்றியது போலப் புதைந்திருந்தன. ஆறு ஆண்கள் வந்து தூக்கிப் பார்த்தார்கள். பெஞ்சு அசையவில்லை, ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று விசாரித்ததில் லம்ரியா என்று தெரிந்தது. அவளும் மறைக்கவில்லை. "என் பாரத்தை அங்கதான் வெச்சிட்டு வந்தேன்" என்றாள்.

லம்ரியா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. பதினான்கு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூலையிலும் வரும் பட்டியலில் பெயர் இருந்தால் இன்னொரு வருடம் ஓடும். வீட்டில் அப்பா ஓலோவான். ஏரியில் படகு ஓட்டியவர், சபைப் பாடகர் குழுவில் கட்டைக் குரல்காரர். நான்கு வருடத்துக்கு முன்னால் வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. எண்பத்திரண்டு கிலோ எடை மட்டும் குறையவில்லை. புண் வராமலிருக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் போட வேண்டும். அண்ணன் பின்சார் அதே ஊரில், இருநூறு அடி தள்ளிக் குடியிருந்தான். அம்மா செத்தபோது மழையில் பாதை அடைபட்டு அவன் அப்போது வேலை பார்த்த பெக்கன்பாருவிலிருந்து இரண்டு நாள் பிந்தி வந்தான். அதற்குள் லம்ரியா அடக்கத்தை முடித்துவிட்டாள். "எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று ஊர்முன்னால் சொன்னவன், ஒன்பது வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றினான். கள்ளுக்கடையில் சதுரங்கம் ஆடும்போதுகூட அவள் வீடு கண்ணில் படாத நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்காருவான்.

அந்த ஞாயிறு போதகர், பாரம் சுமப்பவர்கள் அதை ஆண்டவரின் பாதத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று பிரசங்கித்தார். கணக்கு டீச்சர்களுக்குச் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. வாசலில் கைகுலுக்கும்போது அவள் கேட்டாள்: "அப்படியே வெச்சிட்டுப் போயிடலாமா ஐயா?"

"தாராளமா வெச்சிட்டுப் போம்மா" என்றார் போதகர், அடுத்த கையைக் குலுக்கியபடி.

அவள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் ஒரு நிமிடம் தலைகுனிந்து உட்கார்ந்தாள். எழுந்து வீட்டுக்கு நடந்தபோது ஈர மண்ணில் அவள் செருப்பு பதியவில்லை. மதியம் அப்பாவை ஒற்றைக் கையால் புரட்டினாள். ஒரு முழு மீனைத் தனியாகச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை சபைக் கமிட்டி கூடியது. மூத்த மூப்பர் மங்காசிக்கு அவசரம். அடுத்த மாதம் அவர் மகள் கல்யாணம், நட்டநடுவில் ஒரு பெஞ்சு புதைந்து கிடந்தால் போட்டோவில் விழும். நால்வர் புறப்பட்டுப் போய், பாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி லம்ரியாவிடம் பணிவாகக் கேட்டார்கள்.

"வைக்கச் சொன்னீங்க, வெச்சேன். சாயங்காலம் வந்து திரும்ப எடுத்துக்கணும்னு பிரசங்கத்துல வரலையே?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா" என்றார் மங்காசி.

"அதை அங்கயே சொல்லியிருக்கணும் மூப்பரே."

போதகரைக் கேட்டார்கள். அவர் அந்தப் பிரசங்கத்தை ஏழு சபைகளில் பதினொரு வருடமாகச் செய்துவருவதாகவும், இதுவரை யாரும் வைத்ததில்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

வேறு வழியில்லாமல் மங்காசி தானே பெஞ்சின் மேல் குனிந்து, வெறுங்காற்றைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அரிசி மூட்டை அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து அவர் நெஞ்சோடு வந்துவிட்டது. கீழே வைக்க முடியவில்லை. வீட்டில் அவர் உட்கார்ந்த நாற்காலியின் கால் முறிந்தது. "என்னத்தைத் தூக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள விட்டீங்க?" என்று மனைவி சத்தம் போட்டாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரையோ மறந்துவிட்டது போல அவருக்குப் பதறியது. மூன்றாம் நாள் அவர் லம்ரியா வீட்டு வாசலில் நின்று, "எந்தப் பக்கம் புரட்டணும்?" என்று கேட்டார். ஓலோவானைப் புரட்டி முதுகுக்குத் தலையணை வைத்ததும் பாரம் தோளிலிருந்து வழுக்கிப் போனது. அடுத்த செவ்வாய் காலை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. மங்காசி செருப்பை மாட்டிக்கொண்டார்.

முறை தெரிந்ததும் மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். கறிக்கடைக்காரருக்குக் குளிப்பாட்டுவது வாய்த்தது, தியோதோருக்குக் கஞ்சி ஊட்டுவது. பட்டியல் பற்றிய கவலை போதகர் கைக்கு வந்தது. பத்து நாள் தூக்கமில்லாமல் தவித்து, தலைமையாசிரியரை இரண்டுமுறை போய்ப் பார்த்து மன்றாடினார். பட்டியல் வந்தது, லம்ரியா பெயர் இல்லை. அவளுக்குச் சேதி சொல்ல வந்த போதகர்தான் அழுதார், அவள் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். இதையெல்லாம் சபைக் குறிப்பேட்டில், நீண்டகாலமாகத் திட்டமிட்டிருந்த ஊழியம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

பெஞ்சு இரண்டு விரற்கடை எழும்பியது. கடைசித் துண்டு மட்டும் யார் கைக்கும் பிய்ந்து வரவில்லை. கல்யாணத்தன்று அதன் மேல் பூ ஜோடித்துச் சமாளித்தார்கள். பின்சார் மனைவி வழியில் மாப்பிள்ளைக்குச் சொந்தம். வராமல் இருக்க முடியவில்லை. பிந்தி வந்தவன், கூட்டத்தில் அந்த ஒரு பெஞ்சுதான் காலி என்று பூவை ஒதுக்கிவிட்டு அதில் உட்கார்ந்தான். ஆராதனை முடிந்தது, மோதிரம் மாற்றினார்கள், எல்லோரும் பந்திக்குப் போனார்கள். பின்சாரால் எழுந்திருக்க முடியவில்லை. மடியில் எருமை படுத்திருப்பது போல இருந்தது. வெளியே மேளம் கேட்டது, பன்றிக்கறி மணத்தது. வெட்கத்தில் அவன் யாரையும் கூப்பிடவில்லை. தியோதோர் பார்த்துவிட்டு லம்ரியாவை அனுப்பினாள்.

அவள் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். 

"அம்மா முகத்தை நான் பாக்கலை" என்றான் பின்சார்.

"தெரியும்ணே."

"ரெண்டு நாள். ரெண்டே நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"உடம்பு தாங்கலைண்ணே. ஊதிப்போச்சு. அதை நீ பாக்கக் கூடாதுன்னுதான் மூடினேன். சொல்றதுக்குள்ள தங்கச்சியே இல்லைன்னுட்டியே."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இதை நீ ஒத்தையா வெச்சிருந்தியா ஒன்பது வருஷம்? என்னா கனம் கனக்குது."

"பாதி உன்னோடதுதான். அதையும் சேத்துத்தான் தூக்கினேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எழுந்தார்கள். பந்திக்குப் போகாமல், வெறுங்கையோடு, பக்கவாட்டில் நடந்து தெருவைக் கடந்ததை ஊரே பார்த்தது. ஓலோவான் மகனைக் கண்டதும் இடக்கையால் அவன் காதைப் பிடித்துத் திருகினார். கஞ்சி ஊட்டியபோது அவன் கல்யாணச் சட்டை முழுக்கத் துப்பினார். "அப்பாவுக்கு என்னை ஞாபகம் இருக்கு" என்று பின்சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வியாழக்கிழமைகள் இப்போது அவனுடையவை. அடக்கத்தைப் பற்றி அண்ணனும் தங்கையும் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்து. லம்ரியா வீட்டிலேயே டியூஷன் வகுப்பு நடத்துகிறாள், வரும்படி குறைவுதான்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் பெஞ்சு நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, கமிட்டியும் கூடவில்லை. மூப்பர்கள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பழைய சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். மங்காசி கைலியை மடித்துக் கட்டினார்.

"ஆளுக்குக் கொஞ்சமா எடுங்கப்பா. இடுப்பு பத்திரம்."