ஐந்தாம் எண் துண்டு

ஐந்தாம் எண் பையைத் திறந்ததுமே அவளுக்குக் கை நின்றுவிட்டது. உள்ளே உள்ளங்கை அளவு வெள்ளைச் சதை. தோல் இல்லை, முள் இல்லை. தலையும் தோலும் போன மீன் எந்தப் பெயரில் விற்றாலும் எதிர்த்துப் பேசாது. அதனால்தான் மரபணுவைப் பார்த்து மீனுக்குப் பெயர் சொல்ல இப்படி ஓர் ஆய்வகமும், அதில் அவளுக்கு ஒரு வேலையும் இருந்தன. மீன் எதுவென்று சோதனைதான் சொல்ல வேண்டும். வெட்டியவன் யாரென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வால் பக்கத்து ஓரத்தில் சின்னதாக ஒரு கொத்து. வலக்கை ஆள்காட்டி விரல் நுனியை இயந்திரத்துக்குப் பறிகொடுத்த, சந்தையில் மீன் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், தோலை உரிக்கும்போது பிடிமானத்துக்காக இடக்கையால் போடுகிற வெட்டு அது. வேறு யாரும் அப்படிப் போட்டு அவள் பார்த்ததில்லை.

இரண்டு நாளுக்கு முன் ஒரே வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டு எழுந்ததும் உதடு மரத்துச் சுருண்டு விழுந்திருந்தார்கள். அந்த வீட்டுச் சின்னவனுக்கு இன்னும் இயந்திரம்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உடம்பைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் நஞ்சாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சட்டியில் மிஞ்சிய நகமளவுத் துண்டு ஒன்றும், சந்தைக் கடைகளில் எடுத்த துண்டுகளும் வெறும் எண்களாக ஆய்வகத்துக்கு வந்திருந்தன. எந்த எண் எந்தக் கடை என்பது அதிகாரிகளுக்கு மட்டும் தெரியும். 'இதுல எங்க அண்ணன் கடை மீன் இருக்கு மேடம், நான் தொடக்கூடாது' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆய்வகத் தலைவியான மேடம் பக்கத்து மேசையில்தான் இருந்தார். அவள் இடுக்கியைக் கையில் எடுத்தாள். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது அந்த இடக்கைதான். தெரியாமல் செய்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். பேத்தையைத் தெரியாமல் வெட்டுகிற ஆள் இல்லை அவன்.

ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் இடுக்கியைத் தீயில் காட்ட வேண்டும். ஒரு மீனின் துணுக்கு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டால் எல்லாம் போச்சு. அப்படி ஒட்டியதா என்று பார்ப்பதற்காகவே மீனே போடாத வெறுங்குழாய் ஒன்று கடைசியில் இருக்கும். மற்றவற்றுக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்வார்கள். முடிவில் அது காலியாக இருந்தால்தான் மற்ற குழாய்களின் பேச்சு செல்லும். இத்தனை வருடத்தில் அவள் வைத்த வெறுங்குழாய் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மேடம் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார். இன்று ஐந்தாம் துண்டைத் தொட்ட இடுக்கியைத் தீயில் காட்டாமல் அப்படியே வெறுங்குழாயில் தோய்த்து எடுத்தாள். அவளுக்கே கேவலமாக இருந்தது.

மாலையில் திரையில், மீன் போட்ட ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பட்டை தெரிந்தது. வெறுங்குழாய்க்கு உரிய இடத்தில் இருட்டு இருக்க வேண்டும். அங்கேயும் ஒரு பட்டை பளிச்சென்று நின்றது.

"உன் கையிலயா இப்படி?" என்றார் மேடம். திட்டியிருந்தால் தேவலை. "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"இல்ல மேடம்."

"கடைத் துண்டெல்லாம் மிச்சம் இருக்கு, மறுபடி போட்டுக்கலாம். சட்டித் துண்டுதான் தீந்துபோச்சு. இனிமே எதோட ஒப்பிடறது?" மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முடிவு வராம சந்தையை மூட முடியாதாம். அதுவரைக்கும் வித்துட்டுதான் இருப்பாங்க."

குளிர்பெட்டியில் எடுத்து வைப்பதாகச் சொல்லி ஐந்தாம் பையோடு நடைக்கூடத்துக்கு வந்தாள். அடுத்த சோதனைக்குள் இதை வேறொரு மீனாக மாற்றி வைப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. ஒரு பொய்யைச் சொன்ன கை அடுத்ததற்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா.

"ஏண்டி, வர லேட்டாகுமா? அண்ணி மீன் குடுத்துவிட்டிருக்கா. அண்ணன் வீட்ல இல்லையாம், அவளே கடையில போய் எடுத்தாளாம். முள்ளே இல்ல, நல்லா வெள்ளை வெளேர்னு இருக்கு. பொரிச்சு வைக்கட்டுமா?"

"அம்மா, அதைத் தொடாத. கீழ கொட்டு."

"அண்ணன் கடை மீனுக்கு என்னடி வந்துச்சு?"

"கெட்டுப்போச்சும்மா."

"வாசனையே இல்லையே. நான் பக்கத்து வீட்டுக்கு வேற நாலு துண்டு குடுத்துட்டேன். பாவம், அவ ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு இப்பதான் வேலைவிட்டு வந்தா."

"போய் வாங்கிட்டு வாம்மா. இப்பவே."

"நல்லா இருக்கே! குடுத்த பொருளைப் போய் என்னன்னு சொல்லிக் கேக்கறது?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"விஷம்னு சொல்லிக் கேளும்மா."

அண்ணனைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைத் தேடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவு திறக்கும் சத்தம். போனை அணைக்க மறந்து அம்மா ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு அடுப்பில் எண்ணெய் பொரிவது இவள் காதுவரை கேட்டது. அம்மா கதவைத் தட்டினாள். யாரும் வரவில்லை. மறுபடியும் தட்டினாள்.

இங்கே மேடத்தின் அறைக் கதவும் சாத்தியிருந்தது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள். காதில் அம்மா தட்டிக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த பை வேர்த்து, மேலே எழுதிய எண் அழிந்து மை விரலெல்லாம் ஒட்டியது. உள்ளே அந்தச் சின்னக் கொத்து மட்டும் அப்படியே இருந்தது.